கெர்னலுக்குள் வெக்டர் கட்டளைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெல்லந்தூர் முதல் மாரத்தஹள்ளி வரை வெளிவட்டச் சாலை அலுவலகங்களில் ஸ்டோரேஜ், நெட்வொர்க் டிரைவர் எழுதும் தமிழ்ப் பிள்ளைகள் நிறைய. சாப்பாட்டு நேரத்தில் அவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: "அண்ணா, செக்சம் கணக்கை ஏவிஎக்ஸ்2-ல எழுதினேன். யூசர் புரோகிராமா ஓட்டினா பறக்குது. அப்படியே டிரைவருக்குள்ள போட்டுடலாமா?"

போடலாம். ஏவிஎக்ஸ்2 என்பது ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும் வெக்டர் கட்டளைத் தொகுப்பு. லினக்ஸ் கெர்னலே ரெய்டு 6 (டிஸ்க் பழுதானாலும் தரவைக் காக்கும் முறை) பாரிட்டிக்கும் ஏஇஎஸ் குறியாக்கத்துக்கும் வெக்டர் கட்டளைகளைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் "அப்படியே" போட முடியாது.

முதல் தவறு, வெக்டர் கட்டளைகள் பயன்படுத்தும் ரெஜிஸ்டர்கள் (சிபியுவுக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்) நம்முடையவை என்று நினைப்பது. ஒரு புரோகிராம் சிஸ்டம் கால் வழியாகக் கெர்னலுக்குள் வரும்போது அதன் சாதாரண ரெஜிஸ்டர்கள் சேமிக்கப்படும். வெக்டர் ரெஜிஸ்டர்கள் அப்படியே கிடக்கும். காரணம் அளவுதான். ஏவிஎக்ஸ்-512-இல் 64 பைட் ரெஜிஸ்டர்கள் 32 இருக்கின்றன. அதுவே 2 கேபி. ஒவ்வொரு நுழைவிலும் அதைச் சேமித்து மீட்டால் எல்லாமே மந்தமாகும். அதனால்தான் எஸ்எஸ்இ, ஏவிஎக்ஸ் கட்டளைகளை உருவாக்காதே என்று கம்பைலருக்குச் சொல்லியே கெர்னலைக் கட்டுகிறார்கள். இன்லைன் அசெம்பிளியில் அந்தத் தடையைத் தாண்டி எழுதினால், அந்த நேரத்தில் எந்த புரோகிராம் ஓடிக்கொண்டிருந்ததோ அதன் மதிப்புகள் அழிந்துபோகும்.

இதில் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது அதன் அமைதி. கெர்னல் ஊப்ஸ் (கெர்னலின் பிழை அறிவிப்பு) வராது, லாக்கில் ஒரு வரி இருக்காது. உங்கள் செக்சம் சரியாகவே வரும், டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும். உங்கள் டிரைவரை ஓட வைக்கும் இன்டரப்ட் வந்த நொடியில் வேறொரு புரோகிராம் மெம்காப்பி செய்துகொண்டிருந்தால், அதுவும் பெரும்பாலும் வெக்டர் ரெஜிஸ்டர் வழியாகத்தான் நகலெடுக்கும், அதன் தரவில் சில பைட்டுகள் மாறிவிடும். பழியும் அந்த புரோகிராம் மீதுதான் விழும்.

இன்டெல், ஏஎம்டி சிபியுக்களின் எக்ஸ்86-இல் இதற்கான வழி கெர்னல்_எஃப்பியூ_பிகின், கெர்னல்_எஃப்பியூ_எண்ட் என்ற ஜோடி. பிகின் யூசர் புரோகிராமின் மதிப்புகளை நினைவகத்தில் பத்திரப்படுத்துகிறது. அப்புறம்தான் ரெஜிஸ்டரைத் தொடலாம்.

"பிகின் செலவு அதிகம், ஒரே முறை திறந்து எல்லா வேலையையும் முடித்துவிடுவோம்" என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். அது பழைய கதை. 2019-இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து, எண்ட் போட்டவுடன் மதிப்புகள் மீட்கப்படுவதில்லை. யூசர் பக்கம் திரும்பும்போதுதான் மீட்கப்படுகின்றன. இடையில் டாஸ்க் மாறாதவரை, ஒரே சிஸ்டம் காலுக்குள் பத்து முறை பிகின் போட்டாலும் சேமிப்பு ஒருமுறைதான். ஆனால் பிகினுக்கும் எண்டுக்கும் நடுவில் எக்ஸ்86 கெர்னல் டாஸ்க்கை மாற்றாது. ஒரு எம்பி தரவை ஒரே மூச்சில் கணக்கிட்டால் அந்த கோரில் மற்றவர்கள் காத்துக்கிடக்க வேண்டும். சாசா20 குறியாக்க நிரலில் 4 கேபி, 4 கேபியாக வெட்டி நடுவில் விட்டுக்கொடுக்கிறார்கள். அதையே பின்பற்றுங்கள்.

அந்தப் பகுதிக்குள் தூங்கவும் கூடாது, அதாவது காத்திருக்க வைக்கும் எதையும் அழைக்கக் கூடாது. மியூடெக்ஸ், காப்பி_ஃப்ரம்_யூசர், ஜிஎஃப்பி_கெர்னல் கொடியுடன் கேமல்லாக் எதுவும் வேண்டாம். ரியல் டைம் கெர்னலில் ஸ்பின்லாக்கும் தூங்கக்கூடியது, அதையும் வெளியே வையுங்கள். டீபக்_அட்டாமிக்_ஸ்லீப் போட்டுக் கட்டிய கெர்னலில் ஓட்டிப் பார்த்தால் இவை பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது இன்டரப்ட், அதிகம் சறுக்கும் இடம். பிகினுக்கும் எண்டுக்கும் நடுவில் ஹார்டுவேர் இன்டரப்ட் வந்து, அதன் ஹேண்ட்லரும் வெக்டர் ரெஜிஸ்டரைத் தொட்டால், கெர்னலின் பாதிக் கணக்கு போய்விடும். அதைச் சேமிக்க இடமே ஒதுக்கப்படவில்லை. என்எம்ஐ (தடுக்க முடியாத இன்டரப்ட்) ஹேண்ட்லரில் எப்போதுமே கூடாது. எந்தச் சூழலில் ஆகும், எதில் ஆகாது என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. மனப்பாடம் செய்யாமல் மே_யூஸ்_சிம்டு என்ற ஃபங்ஷனைக் கேளுங்கள். அது "இல்லை" என்றால் சாதாரண நிரலுக்குப் போக வேண்டும்.

அந்த மாற்று வழி இல்லாத பேட்ச் என்னிடம் ரிவ்யூவுக்கு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். மாற்று வழி இருந்தும் ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்கவில்லை என்றாலும் அப்படியே. மேஜையில் டெஸ்ட் செய்யும்போது "இல்லை" என்ற பதில் கிட்டத்தட்ட வரவே வராது. கெர்னலின் கிரிப்டோ பகுதியில் இதற்கு நல்ல ஏற்பாடு உண்டு: கூடுதல் டெஸ்ட்டுகளை இயக்கினால், கிரிப்டோ_சிம்டு_யூசபிள் இடையிடையே வேண்டுமென்றே "இல்லை" என்கிறது. உங்கள் டிரைவரிலும் அப்படி ஒரு சுவிட்ச் வையுங்கள்.

சிபியு கொடியில் ஏவிஎக்ஸ் இருக்கிறது என்று பார்த்துவிட்டு நேரே இறங்குவதும் தவறு. சிபியுவில் வசதி இருக்கலாம். அந்த ரெஜிஸ்டர்களைச் சேமிக்கும் ஏற்பாட்டைக் கெர்னல் இயக்கியிருக்க வேண்டும். எக்ஸ்86-இல் சிபியு_ஹேஸ்_எக்ஸ்ஃபீச்சர்ஸ் அதைச் சொல்லும்.

அசெம்பிளிக்குப் பதிலாக சி-யில் எழுதுகிறவர்கள் கணக்கைத் தனிக் கோப்பில் வைக்க வேண்டும். அந்தக் கோப்புக்கு மட்டும் வெக்டர் அனுமதி, பிகினும் எண்டும் அனுமதி இல்லாத இன்னொரு கோப்பில். இரண்டும் ஒன்றாக இருந்தால் கம்பைலர் ஒரு வெக்டர் கட்டளையைப் பிகினுக்கு முன்னால் நகர்த்திவிடலாம். ஏஎம்டி கிராபிக்ஸ் டிரைவரின் டிஸ்ப்ளே பகுதியில் தசமக் கணக்குகளை இப்படித்தான் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

சின்ன விஷயம் ஒன்று: எக்ஸ்86-64 கெர்னலில் ஸ்டாக் 16 பைட் எல்லையில் நிற்கும் என்று நம்ப வேண்டாம், 8 பைட்தான் உறுதி. 16 பைட் எல்லையை எதிர்பார்க்கும் மூவாப்ஸ் (movaps) அங்கே கிராஷ் ஆகலாம், அதை எதிர்பார்க்காத மூவப்ஸ் (movups) போடுங்கள்.

எக்ஸ்86 விதிகளை ஆர்ம்64-க்கு அப்படியே கொண்டுபோகவும் வேண்டாம். அங்கே வெக்டர் கட்டளைகளுக்கு நியான் என்று பெயர், பிகினுக்குப் பதில் கெர்னல்_நியான்_பிகின், கெர்னல் 6.8 முதல் நியான் பகுதிக்குள்ளும் டாஸ்க் மாறலாம். ரிஸ்க்-ஃபைவில் கெர்னல்_வெக்டர்_பிகின் என்று தனி ஜோடி.

கடைசியாக, யூசர் புரோகிராமில் எடுத்த வேக அளவை வைத்து முடிவெடுக்காதீர்கள். சில பத்து பைட்டுக்குப் பிகின் செலவே மிஞ்சும். ரெய்டு 6 நிரல் தன்னிடமுள்ள வடிவங்களை அந்த இயந்திரத்திலேயே ஓட்டி அளந்து, வேகமானதைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. கெர்னல் லாக்கைக் காட்டும் டிமெசேஜில் "ரெய்டு6" (raid6) என்று தேடினால் எதைத் தேர்ந்தெடுத்தது, நொடிக்கு எத்தனை எம்பி என்று தெரியும். உங்கள் டிரைவரும் லோடு ஆகும்போது அதையே செய்யலாம், பிகின், எண்ட் இரண்டையும் சேர்த்து அளந்து.