லேப் ரிப்போர்ட்டைக் கடைசி வரியிலிருந்து படிக்காதீர்கள்

குற்றப்பத்திரிகை நகல் கைக்கு வந்ததும் குற்றம் சாட்டப்பட்டவர்கள் பலரும் அதிலுள்ள தடயவியல் லேப் அறிக்கையைத் தேடி எடுத்து, நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய், 'பொருந்துகிறது' என்று இருப்பதைப் பார்த்துவிட்டு கேஸ் முடிந்தது என்று தலையில் கை வைத்துவிடுகிறார்கள். அந்த வரி பொய் என்று சொல்லவில்லை. ஆனால் லேப் தன் மேசைக்கு வந்த பொருளைப் பற்றி மட்டும்தான் பேசும், அது எப்படி அங்கே வந்தது என்பதை மற்ற காகிதங்களில்தான் தேட வேண்டும்.

அதனால் முதலில் ஒரு வெள்ளைத்தாளில் தேதிகளை எழுதுங்கள். போலீஸ் மகஜர் (கைப்பற்றிய பொருளின் விவரத்தைச் சாட்சிகள் முன் எழுதும் ஆவணம்) போட்டுக் கைப்பற்றிய நாள், நீதிமன்றத்தில் ஒப்படைத்த நாள், லேபுக்கு அனுப்பிய நாள், லேப் பெற்றுக்கொண்ட நாள். நடுவில் பெரிய இடைவெளி விழுந்தால், அத்தனை நாளும் அது யார் பொறுப்பில், எந்த அறையில், எந்தப் பையில் இருந்தது என்று கேளுங்கள். ரத்தம் படிந்த ஈரத்துணியைக் காய வைக்காமல் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடித்து டிஎன்ஏ சிதைந்துவிடும். அப்புறம் பொருள் விவரத்தை வரிக்கு வரி ஒப்பிடுங்கள்: மகஜரில் 'கருப்பு நிற பேண்ட்', லேபில் 'பழுப்பு நிற பேண்ட்' என்றிருந்தால் அது எழுத்துப்பிழையாகவும் இருக்கலாம், வேறு பேண்டாகவும் இருக்கலாம். அரக்கு முத்திரை உடையாமல் வந்ததா என்பதையும் அறிக்கையில் பாருங்கள்.

இதெல்லாம் வக்கீல் சாமர்த்தியம் என்று நினைக்க வேண்டாம். 2011இல் தேனி சுருளி அருவிப் பகுதியில் நடந்த இரட்டைக் கொலையில் மரண தண்டனை பெற்றவரை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் விடுதலை செய்தபோது, டிஎன்ஏ மாதிரிகளைக் கையாண்ட விதத்தில் இருந்த ஓட்டைகளும் முக்கியக் காரணம். மாதிரி எடுத்த 48 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும், கை மாறிய ஒவ்வொரு கட்டத்துக்கும் பதிவேடு வேண்டும், விசாரணை நீதிமன்ற அனுமதி இல்லாமல் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்று நாடு முழுவதற்கும் அதே தீர்ப்பில் உத்தரவும் போட்டார்கள்.

சரி, பொருள் ஒழுங்காகவே வந்தது என்று வைத்துக்கொள்வோம். டிஎன்ஏ யாருடையது என்று சொல்லும், எப்போது, எப்படி அங்கே வந்தது என்று சொல்லாது. ஒரே வீட்டில் இருப்பவரின் டிஎன்ஏ அந்த வீட்டுத் தலையணையில் கிடைத்தால் அதில் என்ன அதிசயம்? கைரேகையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்த ரேகை அமெரிக்காவின் ஓரிகன் மாநில வழக்கறிஞர் ஒருவருடையதுதான் என்று எஃப்பிஐ அடித்துச் சொன்னது. சரிபார்த்த நிபுணர்களும் தலையாட்டினார்கள், ஏனென்றால் முதலில் பார்த்த நிபுணர் என்ன முடிவுக்கு வந்தார் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். அந்த வழக்கறிஞர் இரண்டு வாரம் காவலில் இருந்தார். கடைசியில் ஸ்பெயின் போலீஸ் அது ஓர் அல்ஜீரியருடையது என்று கண்டுபிடித்தது. எனவே இரண்டாவதாகப் பார்த்தவருக்கு முதல் முடிவு தெரியுமா என்பதையும் கேட்டு வையுங்கள்.

இந்தக் கேள்விகளை நிபுணரிடம்தான் கேட்க முடியும், ஆனால் அரசு லேப் அறிக்கையை நிபுணர் வராமலேயே சாட்சியமாக ஏற்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அவரை வரவழைக்க உங்கள் வக்கீல் மூலம் மனு போடுங்கள். அதே மனுவில், டிஎன்ஏ என்றால் பரிசோதனைக் கருவி வரைந்து தந்த கிராஃப் தாள்களையும் பரிசோதனைக் குறிப்புகளையும் சேர்த்துக் கேளுங்கள்.