உண்ணிச்செடியை வெட்டாதீர்கள், கவிழ்த்துப் போடுங்கள்

முதல் வருஷம் நாங்கள் செய்தது சுத்த அசட்டுத்தனம். பன்னிரண்டு தன்னார்வலர்கள், ஆளுக்கொரு அரிவாள். இயற்கைக் காப்பகத்தின் வடக்கு ஓரத்தில் புதராக மண்டியிருந்த உண்ணிச்செடியை, அதாவது லன்டானா என்ற வந்தேறிச் செடியை, முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளினோம். கையெல்லாம் முள் கீறல், முகமெல்லாம் பெருமை. இரண்டு மழை கழித்துப் போய்ப் பார்த்தால், ஒரு தண்டு இருந்த இடத்தில் ஏழெட்டுத் தண்டு. களையெடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, நன்றாகத் தழைக்கட்டும் என்று கவாத்துப் பண்ணியிருக்கிறோம்!

இந்தச் செடிக்கு உயிர், தண்டும் வேரும் சேர்கிற கழுத்தில் இருக்கிறது. தரையோடு தரையாக வெட்டினாலும் அங்கிருந்து துளிர்க்கும். ஆகவே முதலில் கை நுழையும் அளவுக்கு மட்டும் கிளைகளைக் கழியுங்கள். மண்வெட்டியால் அடிமண்ணை விலக்கினால் ஆணிவேர் கண்ணுக்குத் தெரியும். கழுத்துக்குக் கீழே, தரையிலிருந்து மூன்று நான்கு விரற்கடை ஆழத்தில், வேரைப் பிக்காசால் வெட்டுங்கள். பிறகு இருவராகத் தூக்கி, வேர் வானத்தைப் பார்க்கும்படி தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். சும்மா சாய்த்துப் போட்டால் வேர் மண்ணைத் தொட்டு மறுபடி பிடித்துக்கொள்ளும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. உத்தராகண்டில் உள்ள கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்து பார்த்து, 2009-ல் ஆய்வுக்கட்டுரையாகவே வெளியிட்டிருக்கிறார்கள்.

காய்ந்த குவியலுக்குத் தீ வைக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். தீயில் புல்லும் நாட்டு மரக்கன்றும்தான் போகும். உண்ணி அடியிலிருந்து மறுபடி கிளம்பும்.

பூ இருந்து காய் பிடிக்காத சமயமே வேலைக்கு நல்லது. கறுத்த பழம் இருந்தால் கொத்தோடு கிள்ளிச் சாக்கில் போட்டுக்கொள்ளுங்கள்.

வெட்டுவதற்கு முன் ஒரு காரியம் உண்டு. அவசரக்காரர்கள் இதைத்தான் விட்டுவிடுவார்கள். நீளக் கழியால் புதரைத் தட்டி இரண்டு நிமிஷம் சும்மா நில்லுங்கள். பாம்பு இருந்தால் விலகிப் போக அவகாசம் கிடைக்கும். அப்புறம் குனிந்து உள்ளே பாருங்கள். போன முறை நெஞ்சு உயரத்தில், உள்ளங்கையளவு கிண்ணம் போலக் கொண்டைக்குருவிக் கூடு. உள்ளே மூன்று முட்டை, வெளிர் ரோஜா நிறத்தில் செம்பழுப்புப் புள்ளிகள். அந்தப் புதரில் சிவப்புத் துணி கட்டிவிட்டு அடுத்ததுக்குப் போனோம். வந்தேறிச் செடிதான், ஆனாலும் பறவைக்கு அதுதானே வீடு? அதனால்தான் ஒரே நாளில் மொத்தத்தையும் மொட்டையடிக்காமல் பட்டை பட்டையாக எடுக்கச் சொல்கிறேன். எடுத்த இடத்தில், அதே காப்பகத்தில் சேகரித்த புல்விதையைத் தூவுங்கள்.

கையுறை, முழுக்கால் சட்டை, கனமான காலணி, தண்ணீர். காப்பகப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே அனுமதி. இரண்டு மணி நேரத்துக்கு மேல் யாரையும் வேலை வாங்காதீர்கள். களைத்த கையில் பிக்காசு ஆபத்து.

மழைக்குப் பிறகுதான் பாதி வேலையே. அப்போது ஆள் வரமாட்டார்கள். புகைப்படம் எடுக்க அங்கே ஒன்றும் இருக்காது பாருங்கள். உண்ணிப் பழம் தின்ற பறவைகள் உட்கார்ந்து எச்சமிடும் மரங்களுக்கு அடியில் முதலில் தேடுங்கள். விரல் நீள நாற்றுகள் கூட்டமாக முளைத்திருக்கும், ஈரமண்ணில் இழுத்தால் வேரோடு வந்துவிடும். அடையாளம் சந்தேகமாக இருந்தால் ஒரு இலையைக் கசக்கி முகருங்கள். சொரசொரப்பாக இருந்து, மூக்கில் ஏறும் அந்தக் காட்டமான வாடையும் அடித்தால் பிடுங்கலாம்.