எண்ணூரில் பறவைப் படம் எடுக்க: வெயில் முதுகுப்பக்கம் இருக்கட்டும்

எண்ணூர் முகத்துவாரத்துக்கு விடியலில் கேமராவோடு போகிறவர்கள் பலரும் கடலைப் பார்த்தே நின்றுவிடுகிறார்கள். சூரியன் எதிரே எழும்போது பறவை வெறும் கருநிழலாகத்தான் பதியும். கடலுக்கு முதுகைக் காட்டி, கழிமுகப் பக்கம் திரும்புங்கள். சேற்றில் இரை தேடும் உள்ளான் பறவைகள் மேல் அந்த இளவெயில் விழுகிற அழகே தனி!

தண்ணீர் வற்றும் நேரமாகப் போங்கள். வற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். முந்தின நாளே ஓத அட்டவணையை (கடல்நீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியல்) பார்த்துவிடுவது நல்லது. வலசைப் பறவைகளைப் பார்க்க அக்டோபர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம்.

பறவை தலை தூக்கிப் பார்த்தால் அசையாமல் நில்லுங்கள். சைபீரியா வரை திரும்பிப் பறக்கவேண்டிய உடம்பு, படத்துக்காகக் கிளப்பிவிட வேண்டாம். அது மறுபடி மேயத் தொடங்கியதும் குந்தி உட்கார்ந்து, அதன் கண்மட்டத்தில் எடுங்கள். ஷட்டர் வேகம் 1/1000க்குக் குறையாமல் இருக்கட்டும்.