வெயிலை அடியில் பூட்டும் உப்புத் தண்ணீர்: ஒரு தொட்டியில் செய்து பார்ப்போம்

கோடையில் கிணற்றில் குதித்தவர்களுக்குத் தெரியும்: மேல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், காலடியில் சில்லென்று இருக்கும். சூரிய உப்புக்குளத்தில் இது தலைகீழ். மேலே சாதாரணத் தண்ணீர், அடியில் கை வைக்க முடியாத சூடு. குஜராத்தின் பூஜ் நகரில் 6,000 சதுர மீட்டரில் இப்படி ஒரு குளம் வெட்டி, 1993-இல் பால் ஆலைக்குச் சுடுதண்ணீர் கொடுத்தார்கள். நம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்கு உப்பும் வேண்டும், சுடுதண்ணீரும் வேண்டும். அதனால் இந்தக் கொங்கு மண்ணில் இதைப் படிக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசைங்க.

சூடு ஏன் அடியில் தங்குகிறது?

சாதாரணக் குட்டையில் அடித்தண்ணீர் சூடானால் லேசாகி மேலே ஏறும். அந்தச் சூட்டைக் காற்று வாங்கிக்கொண்டு போய்விடும். லிட்டருக்கு 250 கிராம் உப்பு கரைத்த தண்ணீரோ, அதே அளவு நல்ல தண்ணீரைவிட ஏறக்குறைய 15 சதவீதம் கனம். 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடானாலும் அது லேசாவது சுமார் 3 சதவீதம்தான். எனவே எவ்வளவு சூடானாலும் மேலே ஏற முடியாது. இந்த அடித்தண்ணீருக்கு மேலே, உப்பு படிப்படியாகக் குறையும் நடு அடுக்கு புரளாமல் நிற்கிறது. புரளாத தண்ணீர் சூட்டை மெல்லத்தான் கடத்தும். வெயில் அதன் வழியே உள்ளே போகும், சூடு வெளியே வராது. நடு அடுக்குதான் கம்பளி.

தொட்டி

அகலமும் நீளமும் 40 செ.மீ., உயரம் 60 செ.மீ. அளவில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. உள்ளே கருப்பாக இருக்கட்டும். சின்னத் தொட்டியில் பக்கவாட்டில்தான் சூடு ஓடும், ஆகவே சுற்றிலும் வைக்கோலைத் திணித்துச் சாக்கு கட்டுங்கள். கல்லுப்பு 12 கிலோ போதும்.

அடி அடுக்கு

30 லிட்டர் தண்ணீரில் ஏழரை கிலோ உப்பைக் கரைத்து, ஓர் இரவு தெளிய விட்டு, வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். 20 செ.மீ. உயரம் வரும். கலங்கல் இருந்தால் வெயில் அடிவரை போகாது, வடிகட்டுவதில் சோம்பல் வேண்டாம்.

நடு அடுக்குகள்

மொத்த வேலையின் உயிர் இங்கேதான். தலா 8 லிட்டர் தண்ணீரில் லிட்டருக்கு 200, 150, 100, 50 கிராம் என நான்கு கரைசல்கள் கலக்குங்கள். கனமானது முதலில். நேராக ஊற்றினால் எல்லாம் கலந்து வெறும் உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். ஒரு தெர்மாகோல் தட்டை மிதக்கவிட்டு, அதன் மேல் டியூப் வழியாக நூல் போல விடுங்கள். ஓர் அடுக்கு முடிந்ததும் அரை மணி பொறுத்து அடுத்தது. நாலு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். கடைசியில் 10 செ.மீ. நல்ல தண்ணீர், அதே தட்டின் மேல்.

வெயிலில் வைப்பது

மாசி, பங்குனி நல்ல காலம். ஆடியில் வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று மேல்தண்ணீரைக் கலக்கிக் கம்பளியைக் கிழித்துவிடும். பெரிய குளங்களிலேயே காற்றைத் தடுக்க மேலே வலை மிதக்க விடுகிறார்கள். ஆடு மாடும் குழந்தைகளும் கிட்டே போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

மாலை ஐந்து மணிக்கு, கம்பி நீண்ட தெர்மாமீட்டரை மெல்ல இறக்கி, மேலடுக்கு, நடு அடுக்கு, அடி அடுக்கு மூன்றின் சூட்டையும் குறித்து வாருங்கள். வற்றிய தண்ணீரைத் தட்டின் மேலேயே ஈடு செய்யுங்கள். சூட்டை எடுக்க, அடியில் ஒரு குழாய்ச் சுருளை முன்பே போட்டு அதற்குள் நல்ல தண்ணீரை ஓட்டினால் போதும். உப்புத் தண்ணீரைத் தொட வேண்டியதில்லை.

முடிந்தபின்

இந்தத் தண்ணீரைத் தோட்டத்திலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். உப்பு இறங்கிய மண் என்ன ஆகும் என்பதை நொய்யல் கரையில் கண்ணால் பார்த்திருக்கிறோம். தார்ப்பாயில் விளிம்பை மடித்துத் தூக்கிக் கட்டி, மெல்லிசாகப் பரப்பிக் காயவிடுங்கள். உப்பைச் சுரண்டி எடுத்து, அடுத்த முறைக்கு மூடி வையுங்கள்.