பம்புசெட் பெட்டியின் மென்பொருளை நேரம் வைத்துச் சோதிப்பது எப்படி?

ஒரத்தநாட்டுப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் மும்முனை மின்சாரத்தின் ஒரு முனை போய்விட்டால், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரின் மற்ற இரு முனைகளில் மின்னோட்டம் ஏறிக் காயில் கருகிவிடும். மோட்டாரை மேலே தூக்கி, பட்டறையில் காயில் கட்டி, மீண்டும் இறக்குவதற்குள் நாற்று வாடிவிடும். எனவே தானியங்கி ஸ்டார்ட்டர் பெட்டியின் மென்பொருள் முனை போனதைச் சரியாகக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, கெடுவுக்குள் கான்டாக்டரை, அதாவது மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் காந்தச் சுவிட்சை, விடுவிக்கவும் வேண்டும். குறித்த நேரத்துக்குள் வேலையை முடித்தே ஆக வேண்டிய நிகழ்நேர அமைப்புகளின் சோதனையை நான் இத்தகைய பெட்டிகளை வைத்துத்தான் கற்பிக்கிறேன்.

முதலில் கெடுவை எண்ணாக எழுதுங்கள். "உடனே நிற்க வேண்டும்" என்ற வாசகத்தைச் சோதிக்க முடியாது. எந்தக் கணத்தில் தொடங்கி எந்தக் கணத்தில் முடிகிறது என்று குறித்து, ரிலேயும் கான்டாக்டரும் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கழித்தால், மிஞ்சுவதே நிரலுக்கு உரிய நேரம். மின்சாரம் ஒரு கணம் சிமிட்டினால் மோட்டார் வீணாக நிற்கக் கூடாது என்பதால், கெடுவுக்குக் கீழ் எல்லையும் உண்டு.

அடுத்தது அளவெடுப்பு. இதில்தான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். என் மாணவர் ஒருவர், எப்போதாவது தாமதிக்கும் ஒரு பெட்டியில் காரணம் தேடி, ஒவ்வொரு படியிலும் ஒரு வரி அச்சிடும்படி நிரலை மாற்றினார், பிழை மறைந்துவிட்டது. அச்சிடும் வரி வெளியேறும் 9600 பாட் (வினாடிக்கு 9600 பிட்) வேகத்தில் ஓர் எழுத்து வெளியேற ஏறத்தாழ 1 மில்லிவினாடி ஆகும். 40 எழுத்துள்ள வரிக்கு 42 மில்லிவினாடி, அதாவது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரண்டு சுற்றுகளுக்கும் மேல். அளக்கப்போன கையே அமைப்பின் நடையை மாற்றிவிட்டது. அச்சிடும் வரிகளை நீக்கிவிட்டு, பணி தொடங்கும்போது சிப்பின் ஒரு வெளியீட்டுக் காலில் (பின்) மின்னழுத்தத்தை உயர்த்தி, முடியும்போது தாழ்த்தச் சொன்னேன். அதற்கு ஓரிரு கட்டளைகளே போதும். மின்னழுத்தத்தைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் அந்தத் துடிப்பின் அகலம் நேரத்தைக் காட்டியது. நூற்றுக்கணக்கான ஒழுங்கான துடிப்புகளுக்கு நடுவே ஒன்று மட்டும் நீண்டு நின்றதை அன்று இருவரும் கண்ணால் கண்டோம்.

அந்த ஒன்றே நமக்குத் தேவை. சராசரி இங்கே பயன்படாது. மிக மோசமான நேரத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். மோட்டாரை இணைக்காமல், மேசைமேல் போலி மின் சமிக்ஞை கொடுத்து, 20 மில்லிவினாடிச் சுற்றின் ஒவ்வொரு மில்லிவினாடியிலும் முனையைத் துண்டித்துப் பாருங்கள். அதே வேளையில் கைப்பேசிக் குறுஞ்செய்தி வரட்டும், பொத்தான் அழுத்தப்படட்டும், நினைவகத்தில் பதிவு நடக்கட்டும். தனித்தனியே தேறிய பணிகள் ஒன்றுசேரும்போது தவறுவது வழக்கம்.

பணிகள் ஒரே வளத்தைப் பகிரும் இடங்களைத் தனியே சோதியுங்கள். 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தில், முன்னுரிமை குறைந்த வானிலைப் பணி ஒரு பூட்டைப் (ஒரு வளத்தை ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டும் தொட விடும் ஏற்பாட்டைப்) பிடித்திருக்க, இடைப்பட்ட பணிகள் அதை ஓடவிடாமல் தடுக்க, முன்னுரிமை மிகுந்த பணி கெடுவைத் தவறவிட்டது. கணினி திரும்பத் திரும்ப மறுதொடக்கமானது. பொறியாளர்கள் பூமியில் இருந்த மாதிரியில் பிழையை மீண்டும் நிகழ்த்திக் காட்டிய பின்னரே, பூட்டு வைத்திருக்கும் பணிக்கு உயர் முன்னுரிமையைக் கடனாகக் கொடுக்கும் வசதியை இயக்கிச் சரிசெய்தார்கள். மறுபடி நிகழ்த்த முடியாத பிழையைத் திருத்தியதாக எண்ணாதீர்கள்.

கடைசியாக, நீண்ட ஓட்டம். மில்லிவினாடி எண்ணும் 32 பிட் கடிகாரம் 4,29,49,67,296ஐ எட்டியதும், அதாவது சுமார் 49.7 நாளில், பூச்சியத்துக்குத் திரும்பும். மேட்டூர் திறக்கும் ஜூன் 12 காலை 6 மணிக்கு இயக்கிய, மின்கலத்தோடு இடைவிடாமல் ஓடும் பெட்டிக்கு அந்தக் கணம் ஜூலை 31 இரவு 11 மணியளவில், ஆடிப்பெருக்கை ஒட்டி வரும். அதுவரை காத்திருக்க வேண்டாம். சோதனையில் கடிகாரத்தைப் பூச்சியமாவதற்கு ஒரு நிமிடம் முன்பிருந்தே தொடங்கிவையுங்கள். தொடங்கிய எண்ணோடு காத்திருப்பைக் கூட்டி, அதை இப்போதைய எண் தாண்டியதா என்று கேட்கும் நிரல் அங்கே தடுமாறும். இப்போதைய எண்ணிலிருந்து தொடங்கிய எண்ணைக் கழித்துக் காத்திருப்போடு ஒப்பிடும் நிரல், குறியில்லா (எதிர்மதிப்பு இல்லாத, unsigned) முழு எண்ணில் எழுதப்பட்டிருந்தால், பிசகாமல் கடந்துவிடும்.