சுமேரியர் வழிபாடு: நாம் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்பவை

கண்களை அகல விரித்து, நெஞ்சருகே கைகோத்து நிற்கும் அந்தச் சிலைகளின் படம் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். கீழே, பழங்காலத்தில் தெற்கு இராக்கில் வாழ்ந்த சுமேரியரின் பெயரால், 'சுமேரியக் கடவுள்கள்' என்று எழுதியிருப்பார்கள். அது கடவுள் இல்லை, கும்பிட வந்த ஆள்.

1930களில் இராக்கின் தியாலா ஆற்றுப் பக்கம் டெல் அஸ்மரில், ஒரு கோயில் தரைக்கு அடியில் இப்படி 12 சிலைகள் கிடைத்தன. பெரியதே முக்கால் மீட்டருக்குள்தான். கண்ணின் வெள்ளைக்குச் சிப்பி பதித்திருக்கிறார்கள். சில கைகளில் சின்னக் கிண்ணம். தோண்டி எடுத்த தொல்லியலாளர் ஹென்றி பிராங்க்ஃபர்ட்டே பெரிய இரண்டைத் தெய்வங்கள் என்றுதான் நினைத்தார். இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் அவற்றையும் பக்தர்களாகவே பார்க்கிறார்கள். நாள் முழுக்கச் சந்நிதியில் நிற்க மனிதனால் முடியாது. அவனுக்குப் பதிலாகச் சிலை நின்றது. கிர்சு நகரில், லகாஷ் நாட்டை ஆண்ட குடேயா தன் சிலை ஒன்றில், கடவுள் நின்கிர்சுவிடம் போய்ப் பேசும்படி அந்தச் சிலைக்கே கட்டளை எழுதி வைத்திருக்கிறார். இது வெள்ளியும் இல்லை, நீலக்கல்லும் இல்லை, டயோரைட் கல் என்றும் அதிலேயே சொல்கிறார். உருக்கவோ பெயர்த்து எடுக்கவோ யாருக்கும் ஆசை வரக் கூடாதே!

அடுத்து, காலத்தைக் குழப்புவது. பாபிலோன் நகரின் கடவுள் மார்துக் உலகைப் படைத்த கதையைச் சுமேரியர் தலையில் கட்டுகிறார்கள். அது பிற்காலப் பாபிலோனியர் அக்காடிய மொழியில் எழுதியது. சுமேரியருக்கு நிப்பூரின் என்லில்தான் பெரிய கடவுள். அதோடு ஒவ்வொரு நகருக்கும் தனித் தெய்வம் உண்டு: எரிதுவுக்கு என்கி, உருக்குக்கு இனன்னா, 'ஊர்' என்ற நகருக்கு நிலாக் கடவுள் நன்னா. எல்லோருக்கும் பொதுவாக ஒரே வேதநூலைத் தேடினால் கிடைக்காது.

ஊர் என்ற பெயரைப் பார்த்ததும் நம் சொல்லோடு முடிச்சுப் போடக் கை பரபரக்கும். எனக்கும் தமிழ் மேல் ஆசைதான். ஆனால் அவர்கள் மொழியில் அந்த நகரின் பெயர் ஊரிம். சுமேரிய மொழிக்கு வேறு எந்த மொழியோடும் உறவு இன்றுவரை நிறுவப்படவில்லை.

அனுன்னாகி வேற்றுக்கிரகவாசிகள் என்பது 1970களில் கிளம்பிய கற்பனை. களிமண் பலகைகளில் அவர்கள் தெய்வங்களின் கூட்டம், அவ்வளவுதான்.

சிகுராத் என்ற படிப்படியான கோயில் மேடையைப் பிரமிடு மாதிரி சமாதி என்பதும் தவறு. கி.மு. 2100 வாக்கில் அரசர் ஊர்-நம்மு ஊர் நகரில் கட்டத் தொடங்கியது, உள்ளே முழுக்கப் பச்சைச் செங்கல், வெளியே நிலக்கீல் வைத்து அடுக்கிய சுட்ட செங்கல். பிணவறை எதுவும் இல்லை. அதே நகரில் தொல்லியலாளர் லியனார்டு உல்லி கண்டெடுத்த அரச கல்லறைகள் வேறு, சில நூற்றாண்டுகள் மூத்தவை.

சரி, செத்த பிறகு? சொர்க்கம், நரகம் என்று நம் பழக்கத்தில் தேட வேண்டாம். கீழுலகில் ஒருவனுடைய நிலை, மேலே அவனுக்குப் படையல் வைக்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே பெரிதும் அமைந்தது. உருக் அரசன் கில்கமேஷைப் பற்றிய ஒரு சுமேரியக் கவிதையில், கீழே போய்ப் பார்த்த அவனுடைய பணியாள் என்கிடு ஒவ்வொருவனாகச் சொல்லிக்கொண்டு வருகிறான். ஒரே மகன் உள்ளவன் சுவரில் அடித்த மர ஆணியைப் பார்த்து அழுகிறான். இரண்டு மகன் உள்ளவன் இரண்டு செங்கல் மேல் உட்கார்ந்து ரொட்டி தின்கிறான். ஏழு மகன் உள்ளவன் தேவர்களோடு ஆசனத்தில் இருக்கிறான். வாரிசே இல்லாதவனுக்கோ, தின்னும் ரொட்டி சுட்ட செங்கல் மாதிரி இருக்கிறது.