பாட்டி வீட்டுத் தோப்பை ஊருக்குத் திறந்துவிட

குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் பாட்டி வீடு. நாட்டு ஓடு, நடுவில் முற்றம், வாசலில் நீளத் திண்ணை, சுற்றிலும் முக்கால் ஏக்கர் தோப்பு. ஆறு வருஷம் பூட்டிக் கிடந்ததை இப்போது ஊர்ப் பிள்ளைகள் விளையாடத் திறந்து விட்டிருக்கிறோம். இதேபோல வீடும் மனையும் வைத்துக்கொண்டு முழிப்பவர்களுக்குச் சொல்கிறேன்.

மண்வெட்டியை எடுப்பதற்கு முன் பத்திரத்தை எடுங்கள். எங்களுடையதில் இன்னமும் 'வட ஆற்காடு மாவட்டம்'தான். அது 1989-லேயே இரண்டாகிவிட்டது. பட்டா யார் பேரில் என்று பாருங்கள், பங்காளிகளிடம் சம்மதம் எழுதி வாங்குங்கள், சர்வேயரை வைத்து எல்லைக்கல்லை அளந்துவிடுங்கள்.

அடுத்தது கிணறு. சுற்றுச்சுவரை உயர்த்தி, வாய்க்கு இரும்புக் கம்பி வலை போட்ட பிறகுதான் பிள்ளைகளை உள்ளே விடவேண்டும். இதில் சமாதானமே கிடையாது.

சீமைக்கருவேலத்தை வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும், வேரோடு எடுக்கணும். ஆனால் ஜேசிபியைச் சுவர் பக்கம் விடாதீர்கள், அங்கே கடப்பாரைதான். மற்ற மரங்களில் கை வைக்க வேண்டாம். நான் வேப்பமரத்தடியில் டேப் பிடித்து நின்றதைப் பார்த்து எதிர்வீட்டு ஆயா, "இன்னா நைனா, அத்தயும் சாய்ச்சிடப் போறியா?" என்றது. சித்திரையில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது அந்த நிழலை விட்டால் உட்கார வேறு இடமில்லை.

நான் சறுக்கியது சுவரில். பழைய செங்கல், சுண்ணாம்புக் கட்டு. வெளிப்பக்கம் பெயர்ந்திருந்த இடத்தில் மேஸ்திரி சொன்னாரென்று சிமெண்ட் பூசினேன். தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் கூடத்துப் பக்கம் உப்பாகப் பூத்து, தொட்டால் மாவாக உதிர்ந்தது. எல்லாவற்றையும் கொத்தி எடுத்தேன். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் இரண்டு வாரமாவது ஊறவிட்டு, ஒரு பங்குக்கு மூன்று பங்கு சலித்த மணல் கலந்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்த்துக் குழைத்தோம். பூசியபின் சாக்கு நனைத்துத் தொங்கவிட்டு, சீக்கிரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது.

சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் பிடித்து இழுக்காதீர்கள். நான் இழுத்தேன், கூடவே ஒரு செங்கல் வந்தது. மழை பெய்து சுவர் ஈரமாக இருக்கும்போது இடுக்குச் சுண்ணாம்பை உளியால் சுரண்டி, வேர் போகும் வழியிலேயே போய், நுனி வரை எடுத்துவிட்டு, அதே சுண்ணாம்புக் கலவையால் அடைத்துவிடுங்கள்.

புது மரம் வைப்பதானால் ஐப்பசி மழைக்கு முன், வீட்டைவிட்டு 25 அடி தள்ளி வையுங்கள். புங்கன் நல்லது. பூவரசு போத்து, அதாவது வெட்டிய கிளைத்துண்டு, நட்டாலே வந்துவிடும். நடைபாதைக்குச் சிமெண்ட் கல் பதிக்கச் சொல்லி நிறைய பேர் வருவார்கள். செம்மண் கொட்டித் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினாலே போதும், மழைத்தண்ணி சுவரைவிட்டு விலகி ஓடுகிற மாதிரி வாட்டம் மட்டும் இருக்கட்டும்.

ஊஞ்சலைப் புளியங்கிளையில் கட்டுங்கள். தாழ்வாக இருக்கிறதே என்று முருங்கையில் கட்டிவிடாதீர்கள், பட்டென்று முறியும்.